பழங்காசுக்கு நியாய விலை எது?

பழங்காசு சேர்ப்பது பற்றி நம் சங்கத்து அன்பர்களிடையே சில நாட்களாக ஒரு வாதம் நடந்து வருகிறது. செல்லாத காசைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது செல்வத்தைப் புதைப்பதற்குச் சமானம், வியாபாரிக்கு அது அழகல்ல என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். முன்னோர் கைபட்ட காசைக் காப்பாற்றி வைப்பதில் குற்றமென்ன என்று மற்றொரு சாரார் கேட்கிறார்கள். நமக்கு மதரஸாப் படிப்பும் ஆரம்பப் பள்ளிப் படிப்பும்தான் உண்டு. ஆனால் ஈப்போவில் மளிகைக் கடைக் கல்லாவின் முன்னால் இருபது வருஷங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம். பழங்காசில் சிறிது பைத்தியமும் உண்டு. ஆகவே நம் அபிப்பிராயத்தையும் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

புதைத்து வைக்கும் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலில் தீனாரையும் திர்ஹத்தையும் ஒரு நீதிபதிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். குங்குமப்பூ வைத்திருப்பவனுக்கு ஒட்டகம் வேண்டும். எவ்வளவு குங்குமப்பூவுக்கு ஓர் ஒட்டகம் என்று யார் தீர்ப்புச் சொல்வது? இரண்டுக்கும் நடுவே நின்று காசுதான் தீர்ப்புச் சொல்கிறது. ஆகவே காசைப் பதுக்குகிறவன் ஊர் நீதிபதியைச் சிறையில் அடைத்தவனுக்கு ஒப்பாவான் என்பது இமாம் அவர்களின் கருத்து. இதை மறுக்க யாரால் முடியும்? ஆனால் நாம் பேசுவது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட நீதிபதியைப் பற்றி. 1926இல் அடித்த சதுரச் செப்புக் காசைக் கொடுத்து இன்று ஒரு மிட்டாய் வாங்க முடியாது. அதை வீட்டில் வைத்திருப்பதால் சந்தையில் எந்தத் தீர்ப்பும் தடைப்படுவதில்லை. வேலை முடிந்த பெரியவரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பழங்கதை கேட்பதற்குச் சிறை என்று பெயரிடுவது பொருந்தாது.

தங்கக் காசும் வெள்ளிக் காசும் வேறு கணக்கு. அவை செல்லாமற் போனாலும் தங்கம் தங்கமே, வெள்ளி வெள்ளியே. ஒரு பவுன் காசு ஏறக்குறைய எட்டு கிராம். தங்கத்துக்கு 85 கிராம், வெள்ளிக்கு 595 கிராம் என்று இக்காலத்தில் கணக்கிடப்படும் அளவை எட்டி, ஒரு வருஷமும் நிறைந்துவிட்டால், "இது சரித்திரப் பொருள்" என்று சொல்லி நாற்பதில் ஒரு பங்கைத் தவிர்க்கலாம் என்று நாம் எங்கும் கேள்விப்பட்டதில்லை. நுணுக்கங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

அது நிற்க. நம் அன்பர்கள் கேளாத கேள்வி ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய கேள்வி என்று நினைக்கிறோம். பழங்காசின் மதிப்பு தெரிந்தவன், தெரியாதவனிடம் அதை வாங்கும்போது என்ன விலை கொடுக்க வேண்டும்?

பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டன. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பத்து காஜாவுக்கும் குடியேறிய குடும்பங்களோடு பாட்டியின் தகரப் பெட்டி ஒன்றும் கூடவே வந்திருக்கும். அதற்குள் கட்டாயம் நாலு காசு இருக்கும். ஊரிலிருந்து கப்பலேறியபோது முடிந்துகொண்டு வந்த விக்டோரியா ராணி ரூபாய்; அது 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய் என்றால் பாதிதான் வெள்ளி. மலாயாவின் பத்துக் காசும் அதே கதையைச் சொல்லும். 1939 முதல் 1941 வரை முக்கால் பங்கு வெள்ளி, 1943 முதல் 1945 வரை அரைப் பங்கு, 1948இல் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். யுத்தம் வெள்ளியைத் தின்ற கதையைப் புத்தகம் இல்லாமலே நகத்தால் சுண்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெட்டியின் அடியில் அதிர்ஷ்டமிருந்தால் பெரிய வெள்ளி டாலர் ஒன்று கிடக்கும். 1895 முதல் 1935 வரை பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்து இந்தப் பக்கம் அனுப்பியவை அவை. ஒரு பக்கம் பிரிட்டானியா மாது. மறு பக்கம் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் "ஒரு டாலர்". ஜாவியில் "ரிங்கிட்" என்றே இருக்கும். ரிங்கிட் என்றால் பல்விளிம்பு. பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் ஓரத்தைப் பார்த்து வைத்த பெயர். நம்மவர் அதன் உலோகத்தைப் பார்த்து "வெள்ளி" என்றார்கள். காசில் வெள்ளி போய் எத்தனையோ காலமாகியும் நம் கடைகளில் இன்னும் வெள்ளிக் கணக்குத்தான் பேசுகிறோம்.

இந்தப் பெட்டியைக் கடைக்குக் கொண்டு வந்து பலகையில் வைத்து, "முதலாளி, இதுக்கு என்ன போடுவீங்க?" என்று ஒரு பெரியம்மா கேட்கிறார். பேரனுக்குப் பள்ளிக்கூடச் செலவு என்பார். வீட்டு வாடகை என்பார். அந்தக் குவியலில் ஒரே ஒரு காசு, ஆண்டின் காரணமாகவோ அச்சின் காரணமாகவோ, மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகம் பெறும் என்று நமக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியாது. வெள்ளி எடைக்கு விலை சொன்னாலே அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார். நம்மை வாழ்த்தியும் போவார். இரு தரப்பிலும் சம்மதம் இருக்கிறது. பொய் ஒன்றும் சொல்லவில்லை. இதில் குற்றம் உண்டா?

ஜவுளிக்கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர், "இல்லை" என்று அடித்துச் சொல்கிறார். அவருடைய வாதம் லேசானதல்ல. ஆகவே அதை முழுமையாகவே தருகிறோம். "வியாபாரத்தில் லாபம் என்பது என்ன? தெரிந்ததற்குக் கிடைக்கும் கூலி. சூரத்தில் சேலை என்ன விலை என்பது எனக்குத் தெரியும், என் வாடிக்கைக்காரருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையின் மேல்தான் என் கடையின் கூரை நிற்கிறது. நீர் பதினைந்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தீர், புத்தகம் வாங்கினீர், போலிக் காசில் பணத்தைத் தொலைத்தீர். அவ்வளவுக்கும் கூலி எங்கே? விற்க வருகிறவருக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் சரக்கு வாங்க வேண்டும் என்றால் கடையை மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் வைக்கலாம்."

இதில் உண்மை உண்டு. அறிவுக்குக் கூலி உண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். நூறு வெள்ளி பெறும் காசை அறுபதுக்கு வாங்குவதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. வாங்கினவன் முதல் போட வேண்டும், விற்கும் வரை காத்திருக்க வேண்டும், விற்காமலே போகலாம். ஆனால் அறிவுக்குக் கூலி வேறு, மௌனத்துக்குக் கூலி வேறு. சேலை வாங்க வந்தவர் நம் நண்பரின் விலை பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார். அதற்கும் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. சந்தை அவரைக் காப்பாற்றுகிறது. பழங்காசு கொண்டு வந்த பெரியம்மாவுக்கு எதிர்க்கடை கிடையாது. போனால் நகைக்கடைதான், அங்கே தராசு மட்டும்தான் பேசும், ஆண்டு பேசாது. இன்னொன்றும் உண்டு. சேலை வாங்க வந்தவர், "இதன் அடக்கம் என்ன?" என்று நம்மிடம் யோசனை கேட்கவில்லை. பெரியம்மாவோ "என்ன போடுவீங்க" என்ற சொல்லுக்குள்ளேயே "இது என்ன பெறும்" என்ற கேள்வியையும் வைத்துத்தான் கேட்கிறார். நம்மை வாங்குகிறவனாகவும் மதிப்பிடுகிறவனாகவும் ஒரே நேரத்தில் அமர்த்துகிறார். மதிப்பிடுகிறவன் ஒரு கையால் விலையைக் குறைத்து, வாங்குகிறவன் மறு கையால் அதைப் பெற்றுக்கொண்டால், அது ஏமாந்தவர் தலையில் மிளகாய் அரைப்பதன்றி வேறென்ன?

மதரஸாவில் படித்த ஒரு விஷயம் இங்கே நினைவுக்கு வருகிறது. வெளியூரிலிருந்து சரக்கு ஏற்றி வரும் ஒட்டகக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்கு வந்து விலை தெரிந்துகொள்ளும் முன்னரே வழியில் போய் மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கிவிட்டால், விற்றவன் சந்தைக்கு வந்து விலையைக் கண்ட பிறகு, அந்த வியாபாரத்தை நிறுத்தவோ முறிக்கவோ அவனுக்கு உரிமை உண்டு. இளவயதில் இதைப் படித்தபோது, ஒட்டகம் இல்லாத ஊரில் இந்தச் சட்டம் எதற்கு என்று தோன்றியது. தகரப் பெட்டியோடு வருகிறவர்தான் அந்த ஒட்டகக் கூட்டம். அவர் இன்னும் சந்தையைக் காணவில்லை.

அப்படியானால் பழங்காசுக்குச் சந்தை எது? விவரப் பட்டியல் நூல்தான் என்பது நம் கருத்து. பிரிட்மோர் என்ற ஆங்கிலேயர் நீரிணைக் குடியேற்றங்களிலும் பிரிட்டிஷ் மலாயாவிலும் 1786 முதல் 1951 வரை அடித்த காசுகளையெல்லாம் ஆராய்ந்து, 1955இல் சிங்கப்பூர் ராபிள்ஸ் மியூசியம் மூலம் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் 1986இல் நம் நாட்டவரான சரண் சிங், மலேசியா, சிங்கப்பூர், புரூணை காசுகளுக்கு ஒரு பெரிய கலைக்களஞ்சியத்தை எழுதினார். மலேசிய நாணயவியல் சங்கம் அதை வெளியிட்டது. ஆண்டு, எடை, உலோகம், எத்தனை அடித்தார்கள், எது அரிது என்ற விவரங்களை இத்தகைய நூல்கள் எழுதி வைக்கின்றன. அதற்கு முன்பு இந்த அறிவு நாலைந்து பேர் தலைக்குள் இருந்தது. அவர்கள் வைத்ததே விலை. அச்சில் ஏறியதும் அது எல்லோருக்கும் பொதுவாயிற்று. காசு சேர்ப்பவர்கள் பட்டியல் எழுதுவதை வெறும் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சந்தையில் விலைப்பலகை எழுதித் தொங்கவிடுவது பொழுதுபோக்கா?

ஆகவே நாம் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான். விலை சொல்லும் முன் புத்தகத்தை எடுத்து, அந்தக் காசின் பக்கத்தைத் திறந்து, கொண்டு வந்தவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுகிறோம். "இதுதான் உங்கள் காசு. புத்தகம் இவ்வளவு பெறும் என்கிறது. உங்கள் காசு தேய்ந்திருக்கிறது, ஆகவே அவ்வளவு வராது. நாம் இவ்வளவு தருவோம். வேண்டாமென்றால் கோலாலம்பூரில் ஏலம் போடுகிறவர்களும் உண்டு." இதனால் சில நல்ல காசுகள் கைநழுவிப் போயின என்பது உண்மை. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள் என்பதும் உண்மை. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் சம்பவத்தை உலமாக்கள் சொல்வார்கள். அவர்களுக்காக ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார் அவர்களின் ஆள். குதிரையைக் கண்ட ஜரீர் அவர்கள், இது அதற்கு மேல் பெறும் என்று விற்றவரிடம் தாமே சொல்லி, படிப்படியாக உயர்த்தி எண்ணூறு கொடுத்தார்கள். அவ்வளவு உயரத்துக்கு நம்மால் ஏற முடியுமா என்று தெரியவில்லை. புத்தகத்தைத் திருப்பி வைக்க முடியும்.

வருகிறவர் இந்துவா, சீனரா, மலாய்க்காரரா என்பது இதில் எங்கும் வராது. படிக்கல்லுக்கு மதம் தெரியாது.

இதற்குள் வராத சங்கதிகளும் உண்டு. 1971ஆம் ஆண்டு அடித்த இருபது சென் காசு மிகக் குறைந்த அளவில் வெளியானது. சேகரிப்பவர்கள் அதைத் தேடித் திரிகிறார்கள். ஒருவர் சீனி வாங்கிவிட்டு அதை இருபது சென்னாகவே கல்லாவில் போட்டுப் போனால், நாம் அவர் பின்னால் ஓட வேண்டுமா? வேண்டியதில்லை என்றே நினைக்கிறோம். அவர் நம்மிடம் எதையும் விற்கவில்லை, எதையும் கேட்கவில்லை. இருபது சென் கொடுத்தார், இருபது சென்னுக்குச் சரக்கு வாங்கினார். தம்மிடம் காசு இருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார். அது காசாகத்தான் மாறியது. பழங்காசு வியாபாரியிடம் பழங்காசு வியாபாரி வாங்குவதிலும் இந்தப் பேச்சு எழாது. அங்கே இருவரும் சந்தைக்குள்ளேயே நிற்கிறார்கள். கெட்டிக்காரன் கெட்டிக்காரனோடு பேரம் பேசட்டும்.

உண்மை பேசுவது விலையை ஏற்றுவதற்கு மட்டுமல்ல, இறக்குவதற்கும்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒரு வதந்தி வரும்: இன்ன ஆண்டுக் காசுக்கு ஐயாயிரம் வெள்ளி என்று. மறுநாள் காலையில் நாலு பேர் அதே காசோடு நிற்பார்கள். அது முப்பது சென் பெறாது என்று சொல்வது, அரிய காசை அரிது என்று சொல்வதைவிடக் கஷ்டமானது. ஜப்பான்காரன் 1942இல் கொண்டு வந்த நோட்டு இன்னொரு உதாரணம். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருந்ததால் வாழைமர நோட்டு என்று பெயர். கணக்கில்லாமல் அச்சடித்தான். கடைசிக் காலத்து நோட்டுகளில் எண்கூட இல்லை. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அத்தனையும் ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. நம் பாட்டனார் காலத்துக் கடைக்காரர்கள் எத்தனையோ பேர் மூட்டை மூட்டையாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்றும் பல வீடுகளில் அந்தக் கட்டு, என்றோ ஒரு நாள் மாற்றித் தருவார்கள் என்ற நம்பிக்கையோடு இருக்கிறது. இதை அரிய பொருள் என்று சுற்றுலாக்காரர் தலையில் கட்டுகிறவனும், பெரியம்மாவிடம் மௌனம் காத்தவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்தான்.

போலிக் காசைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன வெள்ளி டாலரில் போலி மலிந்து கிடக்கிறது. 26.95 கிராம் இருக்க வேண்டியது பல கிராம் குறைந்திருக்கும். சிலது காந்தத்தில் ஒட்டும். கைக்கு வந்த போலிக் காசை அடுத்தவனிடம் தள்ளிவிடாமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்பது இமாம் கஸ்ஸாலி அவர்களின் தீர்ப்பு. தள்ளிவிட்டால் அது கைமாறிக்கொண்டே போகும். அதனால் ஏமாறும் ஒவ்வொருவனின் பாவமும் முதலில் தெரிந்து தள்ளியவனுக்கு வந்துகொண்டிருக்கும். செல்லாக்காசை நிலைப்படியில் ஆணியடித்து வைத்த பழைய கடைக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். நாம் கிணற்றில் போடுவதில்லை. ஈப்போவில் கிணறு ஏது? "போலி" என்று உறையில் எழுதித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். நல்ல காசைப் படிக்க அதுவும் வேண்டியிருக்கிறது.

இனி, மண்ணிலிருந்து வரும் காசு. இதில் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அப்பால் மூன்றாவது ஒருவர் இருக்கிறார், அவர் சரித்திரம். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் அடங்கிய புதையல் ஒன்று கிடைத்தது. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலை மேல் உளியால் வெட்டியிருந்தது. ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவ்வளவும் ஒரே இடத்தில் கிடைத்து, எண்ணி, பட்டியல் எழுதப்பட்டதால்தான் அந்த வாதமே சாத்தியமாயிற்று. உதிரியாக நாலு பேர் கையில் போயிருந்தால், வெட்டுப்பட்ட காசு என்று விலை குறைத்து உருக்கியிருப்பார்கள்.

தினமலர் ஆசிரியராயிருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களின் உழைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். சங்ககாலத்து மூவேந்தர் பெயர் பொறித்துக் காசு அடிக்கவில்லை என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அவர் தேடிச் சேர்த்த காசுகளைக் கழுவிப் படித்தபோது, 1980களில், குதிரை உருவத்தோடு "பெருவழுதி" என்று தமிழி எழுத்தில் பாண்டியன் பெயர் பொறித்த செப்புக் காசு ஒன்று வெளிப்பட்டது. பின்புறம் மீன் சின்னம். பிறகு கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து வந்தவற்றில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேரர் பெயர்களும் கிடைத்தன. 1997இல் அவருடைய சங்ககால நாணய நூல் வந்தது. ஆற்று மணலைச் சலித்தவனுக்கு அது எடைக்குப் போகும் செம்பு. நகக்கண் அளவுள்ள அந்தச் செம்பில் எழுத்து இருக்கிறது என்று பார்த்தவர் ஒருவர் இருந்ததால் ஒரு நாட்டின் சரித்திரம் திருத்தப்பட்டது.

நம்மவருக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. மதுரையில் 1330களின் நடுவிலிருந்து 1378 வரையில் சுல்தான்கள் ஆண்டார்கள். இப்னு பதூதா அங்கே வந்து தங்கியதால் முதல் சில சுல்தான்களின் கதை நமக்குத் தெரிகிறது. அவர் போன பிறகு? அரசவை வரலாறு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஆதில் ஷா, பக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்ற பெயர்களைப் பெரும்பாலும் அவர்கள் அடித்த சிறிய காசுகளிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 77இல் கலீபா அப்துல் மலிக் உருவம் நீக்கி எழுத்து மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டது முதல், பெயரும் ஆண்டும் எழுதுவது முஸ்லிம் காசுகளின் வழக்கமாயிற்று. அது இங்கே எவ்வளவு உதவியிருக்கிறது பாருங்கள். மதுரைப் பாத்திரக்கடைக்காரன் ஒரு பிடி அதிகமாக உருக்கியிருந்தால் ஒரு சுல்தானே இல்லாமற் போயிருப்பார்.

சேகரிப்பவன் கொடுக்கும் பணம் உருக்கு உலையிலிருந்து காசைக் காப்பாற்றுகிறது. அதே பணம்தான் இரவில் கடப்பாரையோடு ஆளை அனுப்பி, கிடைத்த இடத்தை மறைக்கவும் செய்கிறது. இரண்டும் உண்மை. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், இங்கே 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் கண்டெடுத்ததை அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. தோட்டத்து நிலத்தை வீட்டுக்காக வெட்டும்போது பானையில் காசு வந்தது என்று யாராவது கொண்டு வந்தால், எவ்வளவு நாக்கில் நீர் ஊறினாலும் தைப்பிங்கில் 1883 முதல் இருக்கும் பேராக் மியூசியத்துக்கு வழி காட்டுவதே வியாபாரியின் வேலை. பாட்டி பெட்டியிலிருந்து வந்த காசுக்கும் மண்ணிலிருந்து வந்த காசுக்கும் உள்ள பேதம் இது. முன்னதற்கு உடையவர் எதிரே நிற்கிறார். பின்னதை அவிழ்த்துக் கலைத்துவிட்டால் மறுபடி கட்ட முடியாது.

பதக்கங்களைப் பற்றி நமக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை. யோசித்த வரையில் எழுதுகிறோம். 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டார். அதையடுத்து வந்த பட்டாளங்களில் கூர்க்காக்கள் உள்ளிட்ட இந்தியத் துருப்புகளும் இருந்தன. அந்தச் சண்டையில் சேவை செய்தவர்களுக்கு இந்திய ஜெனரல் சர்வீஸ் பதக்கத்தில் "பேராக்" என்று எழுதிய வெள்ளிப் பட்டை கொடுத்தார்கள். நம் மாநிலத்தின் பெயர் தாங்கிய பதக்கம். சேகரிப்பவர்களுக்கு அதன் மேல் கண். ஆனால் அந்தச் சண்டையின் முடிவில், 1877 ஜனவரி 20ஆம் தேதி, டத்தோ மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். டத்தோ சாகோரும் தூக்குமேடை ஏறினார். சுல்தான் அப்துல்லா ஸெய்ஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஒருவன் மார்பில் தொங்கிய வெற்றி இன்னொருவர் வீட்டின் இழவு. ஈப்போவில் 1909இல் கட்டிய மணிக்கூண்டு பர்ச்சின் ஞாபகார்த்தம். அது நிற்கும் தெருவோ இன்று டத்தோ சாகோர் பெயரால் வழங்குகிறது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். யாரும் தடுமாறி விழவில்லை. பதக்கத்தையும் அப்படியே வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம், இரண்டு பக்கத்துக் கதையையும் எழுதி வைத்தால்.

பதக்கத்தின் விளிம்பில் வாங்கியவன் பெயர் பொறித்திருக்கும் என்பதுதான் நம்மை உறுத்துகிறது. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் படையிலும் போலீசிலும் இருந்தவர்களுக்குக் கொடுத்த "மலாயா" பட்டைப் பதக்கத்திலும் அப்படியே. காசு எல்லோருடையது, பதக்கம் ஒருவனுடையது. அவன் பேரன் ஐம்பது வெள்ளிக்கு விற்க வந்தால் வாங்கலாமா? வாங்கலாம் என்கிறோம். வாங்காவிட்டால் வேறொருவர் பெயரைத் தேய்த்துவிட்டு வெள்ளியாக்கிவிடுவார். ஆனால் விற்றவரின் பெயரையும் இருப்பிடத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் யாராவது பின்னால் மனம் மாறி வந்து கேட்டால், வாங்கிய விலைக்கே திருப்பித் தருவது என்று வைத்திருக்கிறோம். ஜவுளிக்கடை நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

பதக்கமே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். 1942லும் 1943லும் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பாதவர்கள் கணக்கு யாரிடமும் ஒழுங்காக இல்லை. அவர்கள் பெயரை எந்த விளிம்பிலும் பொறிக்கவில்லை. கூலி கொடுத்ததும் அந்த வாழைமர நோட்டு வகையில்தான். ஆகவே பெரியம்மா கொண்டு வந்த பெட்டியில் நாம் "ஒன்றும் பெறாது" என்று ஒதுக்கிய அந்தக் கட்டு, விலைப்படி பார்த்தால் ஒன்றும் பெறாதுதான். அது யாருடைய கூலி என்று கேட்காமல் ஒதுக்குவது மட்டும் சரியில்லை. அந்தக் கேள்வியை இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறோம். சில வீடுகளில் பதில் கிடைத்திருக்கிறது. ஒரு பெயர், ஒரு தோட்டம், போன மாதம்.

இதைக் கருதியே சங்க நிர்வாகிகளிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறோம். நம் வாசகசாலையில் ஒரு பேரேடு போட்டு, அங்கத்தினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் உள்ள பழங்காசு, நோட்டு, பதக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்கலாம். பொருள் உடையவர் வீட்டிலேயே இருக்கட்டும். விவரம் மட்டும் இங்கே இருக்கட்டும். கட்டம் போடுவது நமக்குப் பழகிய வேலை: எடை, குறுக்களவு, உலோகம், ஆண்டு, முன்புறம், பின்புறம், தேய்மானம். அதற்கப்புறம் இரண்டு கட்டங்கள் விட வேண்டும். ஒன்று, யாருடைய பெட்டியிலிருந்து, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது. மற்றொன்று, வாங்கியிருந்தால் என்ன விலைக்கு. இரண்டாவது கட்டத்தைக் கண்டு சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு ஒன்றை நம் கடையிலிருந்து தருகிறோம். எழுத்து அழகாயுள்ள இளைஞர் இருவர் வேண்டும். நிர்வாகிகள் இசைந்தால் வியாழன் இரவு இஷாவுக்குப் பிறகு உட்காரலாம். காசு கொண்டு வருவோர் தயவுசெய்து புளியும் சாம்பலும் போட்டுத் துலக்காமல், உள்ளபடியே கொண்டு வரவும்.